சம்பள ஏடு எழுதுவது துன்யா வேலையா?



பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல், அனகாபுத்தூர் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு நல்ல மாற்றம் தென்படுகிறது. பி.காம். முடித்து வீட்டிலிருக்கும் பெண்மக்களும், கடையில் நின்றுகொண்டே படிக்க விரும்பும் வாலிபர்களும், ஹிஃப்ளு முடித்த மாணவர்கள் சிலரும் கல்லூரிகள் இணையவழியில் நடத்தும் சம்பளக் கணக்குப் பாடங்களில் சேருகின்றனர். இரவு இஷாவுக்குப் பின் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ பாடம் கேட்டுப் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கின்றனர்.

இதைக் கண்டு மகிழ வேண்டியவர்களில் சிலர் முகம் சுளிக்கின்றனர். "ஓதிய பிள்ளைக்கு அடுத்தவன் சம்பளத்தைக் கூட்டிக் கழிக்கும் வேலையா?" என்கிறார் ஒருவர். "பெண்பிள்ளைக்கு இது எதற்கு?" என்கிறார் இன்னொருவர். "கணக்கு எழுதினால் வட்டியையும் எழுத வேண்டி வரும், ஈமானுக்கு ஆபத்து" என்று மூன்றாமவர் ஃபத்வாவே கொடுத்துவிடுகிறார். இம்மூன்று பேச்சுக்கும் மறுப்புரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மறுப்போடு நிற்காமல், இக்கல்வி முதலில் யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதையும் இன்ஷா அல்லாஹ் வெளிப்படையாகச் சொல்வோம்.

கூலியும் மறுமையும்

ஊதியம் என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் அன்பளிப்பு அன்று. தொழிலாளியின் வியர்வை உலருமுன் அவருக்குரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழி இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளதை நாம் அனைவரும் மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஸஹீஹ் புகாரியின் கூலி பற்றிய பாடத்தில் அதைவிட நடுங்கவைக்கும் ஹதீஸ் குதுஸீ ஒன்று உள்ளது. மறுமை நாளில் மூன்று பேருக்கு எதிராக அல்லாஹ்வே வழக்காடுவான். ஒருவரை வேலைக்கு அமர்த்தி, முழு வேலையையும் வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடாதவர் அம்மூவருள் ஒருவர் என்பது அதன் கருத்து.

அதே பாடத்தில் குகையில் அடைபட்ட மூவரின் வரலாறும் இடம்பெறுகிறது. அவர்களுள் ஒருவர், கூலியை வாங்காமல் சென்றுவிட்ட பணியாளின் தொகையைத் தனியே பேணி வளர்த்தார். பணியாளர் பல காலம் கழித்துத் திரும்பியபோது, அத்தொகையால் பெருகிய கால்நடைகள் அனைத்தையும் அவரிடமே ஒப்படைத்தார். அந்த நற்செயலை முன்வைத்து அவர் துஆச் செய்ய, குகையை அடைத்திருந்த பாறை விலகியது. இன்னாரின் பணம் இவ்வளவு, அது என்னவாயிற்று என்று மறவாமல் வைத்திருந்ததே அம்மனிதரைக் காத்தது. சம்பள ஏடு என்பதன் உயிரும் அதுவே.

நபி (ஸல்) அவர்கள் ஸதகா வசூலிக்க அனுப்பிய இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்தபோது அவரிடம் கணக்குக் கேட்டார்கள். வந்த பொருளில் ஒரு பகுதி தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று அவர் சொன்னதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். உமர் (ரழி) அவர்கள் தம் ஆட்சியில் திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்று பெயர் பெயராக எழுதச் செய்தார்கள். ஒரு பேரரசின் சம்பள ஏட்டைக் கலீஃபாவே முன்னின்று அமைத்தார்கள். இத்தகைய பணியை 'வெறும் துன்யா வேலை' என்று இழித்துரைக்க எவருக்கும் உரிமையில்லை.

அப்பாடத்தில் என்னதான் கற்பிக்கிறார்கள்?

இகழ்பவர்களில் பலருக்கு அப்பாடத்தின் உள்ளடக்கமே தெரியாது. ஆகவே ஓர் எளிய கணக்கைக் காண்போம்.

இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் ஒருவரின் மாத ஊதியம், அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து, 14,000 ரூபாய் எனக் கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்காக 12 விழுக்காடு, அதாவது 1,680 ரூபாய் அவரிடம் பிடிக்கப்படும். தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்காக 0.75 விழுக்காடு, அதாவது 105 ரூபாய் பிடிக்கப்படும். கையில் கிடைப்பது 12,215 ரூபாய். முதலாளியும் தம் பங்காக வைப்பு நிதிக்கு 1,680 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடான 455 ரூபாயும் செலுத்த வேண்டும். முதலாளி செலுத்தும் 1,680 ரூபாயில் 8.33 விழுக்காட்டுக்குரிய 1,166 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்லும். மீதி 514 ரூபாய் தொழிலாளியின் வைப்பு நிதிக் கணக்கில் சேரும். இத்தொகைகளை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். இதனுடன் அரையாண்டுக்கு ஒருமுறை நம் தாம்பரம் மாநகராட்சிக்குச் செலுத்தும் தொழில் வரி, போனஸ், விடுப்பு, பணிக்கொடை, வருமான வரிப் பிடித்தம் ஆகியவற்றையும் சேர்த்தால் சம்பளக் கணக்குப் பாடத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

இனி, அந்தத் தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமலே பத்து ஆண்டுகள் வேலை வாங்கினால் என்னவாகும்? முதலாளியின் வைப்பு நிதிப் பங்கு மட்டும் ஆண்டுக்கு 20,160 ரூபாய். பத்து ஆண்டுகளில் 2,01,600 ரூபாய். ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற அளவில் கிடைக்க வேண்டிய பணிக்கொடை ஏறத்தாழ 80,769 ரூபாய். பத்து ஆண்டுகள் பங்களித்தவர்க்கே மாத ஓய்வூதிய உரிமை உண்டு என்பதால், அதுவும் போயிற்று. மனைவிக்கோ தாய்க்கோ நோய் கண்டால் கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சேர்க்கும் உரிமையும் இல்லை. அவர் எவரிடமும் எதையும் பறிகொடுத்ததாக உணரவே மாட்டார். அவருடைய பெயர் எங்கும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

சம்பளத்தில் பிடித்த தொகையைச் செலுத்தாமல் வைத்துக்கொள்ளும் முதலாளியோ இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறார். பிடித்த தொகை அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்றே நாட்டின் குற்றவியல் சட்டம் கருதுகிறது. அதைக் கையாடுவதற்கு நம்பிக்கை மோசடி என்று பெயர் சூட்டுகிறது. மத்ரஸாவில் அமானிதம், கியானத் என்று நாம் கற்பிக்கும் இரு சொற்களின் பொருளை இச்சட்டமும் சொல்லிவிட்டது.

வட்டி எழுதும் கை என்னும் வாதம்

வட்டியை உண்பவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்பவர் ஆகியோரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ். அதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. வட்டிக் கடன் ஒப்பந்தத்தை எழுதும் வேலையில் எவரும் சேர வேண்டாம் என்றே நாமும் சொல்கிறோம். ஆனால் உழைத்தவருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று எழுதுவது எந்த வகையில் வட்டி எழுதுவதாகும்?

வைப்பு நிதியில் ஆண்டுதோறும் கூடுதல் தொகை சேர்கிறதே என்பர். சட்டப்படி கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை தொழிலாளியின் கைக்கு வந்து அவர் உடைமையாகுமுன்பே நிதியில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே அதனுடன் சேர்ந்து வருவது மார்க்கச் சட்டம் கூறும் வட்டியாகாது என்று தேவ்பந்த் மரபின் உலமாக்கள் ஃபத்வா அளித்துள்ளனர். முஃப்தி முஹம்மத் ஷஃபீ உஸ்மானி (ரஹ்) அவர்கள் இதைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார்கள். தாமாக விரும்பிக் கூடுதலாகச் செலுத்தும் தொகையில் பேணுதல் தேவை என்ற எச்சரிக்கையும் உண்டு. இந்த நுட்பத்தைத் தொழிலாளிக்கு விளக்கிச் சொல்லவும் கணக்குத் தெரிந்த ஒருவர் வேண்டுமே! கணக்கும் மார்க்கமும் சேர்ந்து தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இல்லாததால்தான் அரைகுறை ஃபத்வாக்கள் தெருவில் உலவுகின்றன.

பெண்மக்கள் கற்கலாமா?

பெண்பிள்ளைக்கு எதற்கு என்பாரிடம் ஒன்று கேட்கிறோம். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) என்னும் ஸஹாபிப் பெண்மணி எழுதத் தெரிந்தவர்; அன்னை ஹஃப்ஸா (ரழி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர். நபி (ஸல்) அவர்கள் அதை அறிந்து அங்கீகரித்ததை அபூதாவூதில் காண்கிறோம். எழுத்தும் கணக்கும் பெண்ணுக்கு ஆகாதவை என்ற எண்ணம் அப்படியாயின் எங்கிருந்து வந்தது?

மகளை மூன்று ஆண்டுகள் பி.காம். படிக்க வைப்பதில் நம் பெற்றோர்க்குத் தயக்கமில்லை. பெண் பார்க்க வருபவர்களிடம் சொல்லிக்கொள்ள அப்பட்டம் உதவுகிறது. அப்பட்டத்தைக் கொண்டு அவள் நான்கு கணக்குப் போட முனைந்தால் மட்டும் கலக்கம் வந்துவிடுகிறது. சம்பளக் கணக்கு வீட்டிலிருந்தே கற்கவும், வீட்டிலிருந்தே செய்யவும் ஏற்ற தொழில். ஐந்தாறு சிறு கடைகளின் சம்பள ஏட்டை மாதம் சில நாட்கள் செலவிட்டு முடித்துவிடலாம். விதவையான ஒரு சகோதரிக்கோ, கணவர் நோயுற்ற ஒரு தாய்க்கோ இதைவிடக் கண்ணியமான வருவாய் வழி எளிதில் கிடைத்துவிடாது.

படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம்

இணையவழிக் கல்வி என்றவுடன் வரும் விளம்பரம் அனைத்தையும் நம்பிவிடலாகாது. 'மூன்றே மாதத்தில் வேலை உறுதி' என்று கூவி முன்பணம் கேட்பவர்களிடம் ஏமாந்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, உரிய தகுதியும் அனுமதியும் பெற்ற நிறுவனங்களே இணையவழிப் பட்டப் படிப்பை நடத்தலாம். சேருமுன் அந்த அனுமதியைச் சரிபாருங்கள். 2017இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் வணிகவியல், கணக்கியல் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். அடிப்படையை அங்கே கற்று, பின்னர் டேலி போன்ற மென்பொருளில் கைப்பழக்கம் பெறுவது நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வழி.

வெளிநாட்டுக் கல்லூரிகளின் சம்பளக் கணக்குப் பாடங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அவை அந்தந்த நாட்டின் வரிச் சட்டத்தைக் கற்பிப்பவை. அயல்நாட்டு நிறுவனங்களின் சம்பளக் கணக்கைச் செய்யும் அலுவலகத்தில் சேர விரும்புவோர்க்கு அவை பயன்படலாம். நாகல்கேணித் தோல் பதனிடும் ஆலையிலோ, தாம்பரம் மெப்ஸ் வளாகத் தொழிற்சாலையிலோ வேலை தேடுபவர்க்கு நம் நாட்டுச் சட்டமே முதலில் தேவை. அச்சட்டமும் அண்மையில் மாறியுள்ளது. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. மாத ஊதியத்தை அடுத்த மாதம் 7ஆம் நாள் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். பணியாளருக்குச் சம்பளச் சீட்டு வழங்க வேண்டும். வேலையை விட்டு விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. பழைய பாடக் குறிப்பை வைத்துக் கற்பிக்கும் வகுப்பா, புதிய சட்டத்தைக் கற்பிக்கும் வகுப்பா என்று கேட்டுச் சேருங்கள்.

'நம்ம ஆள்தானே' என்னும் நோய்

இதுவரை கூறியவை முன்னுரை போன்றவை. நம் உள்ளத்தை உறுத்தும் செய்தி இனிமேல்தான்.

நம் பிள்ளைகள் இக்கல்வியைக் கற்று எங்கே செல்கின்றனர்? பெரிய நிறுவனங்களுக்குச் செல்கின்றனர். செல்லட்டும், அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆனால் அவர்கள் ஜும்ஆத் தொழும் மஸ்ஜிதிலும், ஓதி வளர்ந்த மத்ரஸாவிலும், அவர்களுடைய தந்தையும் மாமாவும் நடத்தும் கடைகளிலும் சம்பள ஏடு உண்டா? எத்தனையோ இடங்களில் இல்லை. மாத இறுதியில் ஓர் உறை கைமாறும். பெருநாளைக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பார்கள். எவ்வளவு, எந்த மாதத்துக்கு, விடுப்புக்குப் பிடித்தது எவ்வளவு, முன்பணத்தில் கழித்தது எவ்வளவு என்று எழுதிய தாள் எதுவும் இராது. கேட்டால், "நம்ம ஆள்தானே, எழுத்து எதற்கு? நம்பிக்கைதானே பெரிது!" என்பர்.

நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் எழுத வேண்டும் என்று மார்க்கம் சொல்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. நபித்தோழர்களைவிட நம்பிக்கைக்குரிய சமுதாயம் எது? அவர்களுக்கே எழுதிக்கொள்ளும்படிக் கட்டளை வந்தது. கொடுக்கப்படாத கூலி முதலாளியின் தலைமேல் நிற்கும் கடனே என்பதை எவர் மறுக்க முடியும்?

வளைகுடா சென்ற நம் சகோதரர்கள் இதை அனுபவத்தால் அறிவர். ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் ஊதியப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் ஊதியத்தை வங்கி வழியாகவே செலுத்த வேண்டும், செலுத்தினார்களா என்பதை அரசு கண்காணிக்கும். துபாயில் வேலை செய்தபோது சம்பளம் ஒரு நாள் தாமதித்தாலும் கொதித்த சகோதரர், ஊர் திரும்பித் தாமே கடை வைத்த பிறகு, தம்மிடம் வேலை செய்யும் பையனுக்குச் சீட்டுக்கூடக் கொடுப்பதில்லை. இது என்ன நியாயம்? தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்போரை எச்சரிக்கவே 83ஆம் அத்தியாயம் இறங்கியது என்பதை அவர் மறந்துவிட்டாரா?

மஸ்ஜித்களின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. இமாமுக்கும் மோதினாருக்கும் கொடுப்பது ஊதியமன்று, ஹதியா. அவர்கள் செய்வது கித்மத் என்று சில நிர்வாகிகள் வாதிடுகின்றனர். ஹதியா என்றால் கொடுப்பவர் விருப்பம்; குறைத்தாலும் கேட்க முடியாது, தாமதித்தாலும் கேட்க முடியாது. ஆனால் ஒரு நாள் ஃபஜ்ருக்கு வரத் தாமதமானால் விளக்கம் கேட்கும்போது மட்டும் அவர் சம்பளம் வாங்கும் ஊழியராகிவிடுகிறார்! இமாமத், பாங்கு, குர்ஆன் கற்பித்தல் ஆகியவற்றுக்கு ஊதியம் பெறுவது கூடும் எனத் தேவையைக் கருதிப் பிற்கால ஹனஃபி ஃபுகஹாக்கள் தீர்ப்பளித்து நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. 1993ஆம் ஆண்டு அகில இந்திய இமாம் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும், இது மார்க்கப் பணி என்பதால் ஊதியம் கேட்க இயலாது என்ற வாதத்தை ஏற்காமல், வக்ஃபு வாரியங்களின் கீழுள்ள மஸ்ஜித் இமாம்களுக்கு ஊதியத் திட்டம் வகுக்க உத்தரவிட்டது. மத்ரஸாவில் கற்பிக்கும் நாமும் அந்த உறையை வாங்குபவர்களே என்பதால் இதைச் சொல்லத் தயங்குவது இயல்பு. ஆயினும் வாங்குபவர்கள் வாய் திறக்காவிட்டால் கொடுப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

எண்ணிக்கை குறைவு என்பதால் வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. சட்டங்கள் பல சிறு கடைகளையும் மஸ்ஜித்களையும் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். வைப்பு நிதிக்கு இருபது பேர், இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர் என்பது சட்டத்தின் எல்லை. அல்லாஹ்வின் வழக்குமன்றத்தில் அத்தகைய எல்லை உண்டென்று எங்கும் ஓதியதில்லை. ஒரே ஒரு பணியாள் இருந்தாலும் அவருடைய கூலி கூலியே.

செய்ய வேண்டியவை

ஆகவே கற்கும் பிள்ளைகளிடமும் ஜமாஅத் பெரியவர்களிடமும் மூன்று செயல்களை வேண்டுகிறோம்.

முதலாவது, சம்பளக் கணக்குக் கற்கும் ஒவ்வொரு பிள்ளையும் தம் முதல் பயிற்சியாகத் தந்தையின் கடைக்கோ தம் மஹல்லா மஸ்ஜிதுக்கோ சம்பள ஏடு எழுதித் தரட்டும். ஐந்து பேர் உள்ள இடத்தில் அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதே 2:282ஆம் வசனம், எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது என்றும் பணிக்கிறது. அல்லாஹ் கற்பித்ததைக் கற்றவருக்கு அது கடமையாகிறது.

இரண்டாவது, ஒவ்வொரு ஜமாஅத்தும் இமாம், மோதினார், மக்தப் உஸ்தாத், துப்புரவுப் பணியாளர் ஆகிய அனைவருக்கும் ஊதியத்தை நிர்ணயித்து எழுத்தில் கொடுக்கட்டும். மாதந்தோறும் சீட்டு வழங்கட்டும்; வங்கி வழியாகச் செலுத்தட்டும். மஸ்ஜிதின் மின்கட்டணத்துக்கும் வண்ணப்பூச்சுக்கும் கணக்கு எழுதும் பொருளாளருக்கு இது பெருஞ்சுமையன்று.

மூன்றாவது, சட்டத்தின் எல்லைக்குள் வரும் கடை, தொழிற்கூட உரிமையாளர்கள் பணியாளர்களைப் பதிவு செய்யட்டும். தாம்பரத்திலேயே வைப்பு நிதி அலுவலகம் இருக்கிறது; பெரும்பாலான வேலையை இணையத்திலேயே முடிக்கலாம். பதிவு செய்தால் செலவு கூடுமே என்பவர், அச்செலவு இதுவரை யாருடைய பையிலிருந்து போய்க்கொண்டிருந்தது என்று ஒருமுறை தனிமையில் எண்ணிப் பார்க்கட்டும்.

அல்லாஹ்வுக்கு ஹஸீப், கணக்கெடுப்பவன் என்ற திருநாமம் உண்டு. அந்த நாளில் நம் கையில் தரப்படும் ஏட்டில் எந்தப் பெயரும் விடுபட்டிராது. அதற்கு முன் நம் கடையின் ஏட்டிலும் மஸ்ஜிதின் ஏட்டிலும் எவர் பெயரும் விடுபடாமல் எழுதிவிடுவோம். ஏழைப் பணியாளரின் ஹக்கைத் தலைமேல் சுமந்தவாறு தன்னைச் சந்திக்கும் நிலையிலிருந்து வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.